சத்தம் கேட்டே பேரிங் பழுது சொல்ற சித்தப்பா லாட்டரில மட்டும் ஏன் இப்படி?

சிங்காநல்லூர்க்காரன்:
எங்க சித்தப்பா 30 வருஷம் ஸ்பின்னிங் மில்லுல ஃபிட்டரா இருந்தவருங்க. ரிங் ஃப்ரேம் (நூல் நூக்குற மெஷின்) ஓடுற சத்தத்த கேட்டே இந்த பேரிங் ரெண்டு நாள் தாங்காதும்பாரு, அதே மாதிரி போயிரும். இப்ப ரிட்டையர் ஆனப்புறம் வாரம் ரெண்டு தடவ வாளையார் போய் கேரளா லாட்டரி வாங்கிட்டு வர்றாரு (நம்மூர்ல 2003லயே தடை பண்ணிட்டாங்கல்ல). ஒன்றரை வருஷ ரிசல்ட்ட ஒரு லாங் சைஸ் நோட்டுல எழுதி வச்சுகிட்டு, கடைசி நம்பர் 7 வந்து ரொம்ப நாளாச்சு இந்த வாரம் வந்தே தீரும்கிறாரு. காசு போகுது, சித்தி அழுவுறாங்க. அவரு முட்டாள் இல்லீங்க, அதான் எனக்கு புரியல. அங்க அவ்ளோ கரெக்டா வேலை செஞ்ச மூளை இங்க ஏன் இப்படி ஆகுது?

மாலதி_நியூரோ:
ரெண்டு எடத்துலயும் மூளை ஒரே வேலையத்தாங்க செய்யுது. அடுத்து என்ன வரும்னு முன்கூட்டியே ஒரு கணக்கு போட்டு வச்சுக்கும், வந்தது அதோட ஒத்துப்போகலேன்னா டக்குனு உஷாராகும். பேரிங் தேஞ்சா சத்தம் மாறுது, அதுக்கு காரணம் இருக்கு, அதனால கணிப்பு பலிச்சுது. லாட்டரில போன குலுக்கலுக்கும் இந்த குலுக்கலுக்கும் சம்பந்தமே கிடையாது, 7 எத்தன நாள் வராம இருந்தாலும் இன்னைக்கும் பத்துல ஒண்ணுதான் சான்ஸ். ஆனா அத மூளையால லேசுல ஏத்துக்க முடியாது. 2002ல ஹியூட்டல்ங்கற மூளை ஆராய்ச்சியாளரும் அவரோட கூட்டாளிகளும், மூளையில எந்த எடம் வேலை செய்யுதுன்னு காட்டுற எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்துகிட்டே ஆளுங்களுக்கு ரெண்டு படத்த எந்த ஒழுங்கும் இல்லாம மாத்தி மாத்தி காட்டினாங்க. தற்செயலா ஒரே படம் தொடர்ந்து வந்து திடீர்னு மாறினப்போ நெத்திக்கு பின்னாடி இருக்குற முன்மூளைப் பகுதி வேலை செஞ்சது தெரிஞ்சுது, அதுவும் வரிசை நீளமா இருக்க இருக்க அதிகமா. ஒழுங்கே இல்லாத எடத்துலயும் அது தானா தேடிகிட்டேதான் இருக்கு, உங்க சித்தப்பா ஆஃப் பண்ண நெனச்சாலும் ஆஃப் ஆகாது.

பழைய_வாத்தியார்:
நான் கிளாஸ்ல செஞ்சு காட்டுறது ஒண்ணு சொல்றேன் தம்பி. பையில 80 செவப்பு பந்து, 20 பச்ச பந்து, எடுத்துட்டு திரும்ப போட்டுருவோம், ஒவ்வொரு தடவையும் என்ன வரும்னு முன்னாடியே சொல்லணும். எப்பவும் செவப்புன்னே சொன்னா 80 சதவீதம் ஜெயிக்கலாம். பசங்க யாரும் அப்படி சொல்ல மாட்டாங்க, நடுவுல பச்சைக்கு "டைம் வந்துருச்சு"ன்னு மாத்துவாங்க, அப்படி 80க்கு 20ன்னு பிரிச்சு சொன்னா 68 சதவீதம்தான் கெடைக்கும். புத்திசாலி பசங்கதான் அதிகமா மாத்துறாங்கங்கறது என் அனுபவம். அவரு நோட்டுல ரிசல்ட் பக்கத்துல அவரோட கணிப்பையும் குலுக்கலுக்கு முன்னாடியே எழுத சொல்லுங்க. ஜெயிச்சது மட்டுந்தான் மனசுல நிக்கும், எழுதி வச்சாத்தான் தோத்தது தெரியும்.

வேலு77:
எங்கப்பாவும் இதுல விழுந்து எந்திரிச்சவரு, அதனால சொல்றேன், கணக்கு மட்டும் சொன்னா போதாதுங்க. ஷுல்ட்ஸ்ங்கற மூளை ஆராய்ச்சியாளரோட குழு கொரங்குகளுக்கு ஜூஸ் குடுத்து பண்ணின ஆராய்ச்சிய தேடி படிச்சேன். ஜூஸ் வருமா வராதான்னு பாதிக்கு பாதி சந்தேகமா இருந்தப்போதான் அது வர்ற வரைக்கும் டோபமைன் செல்லுங்க (பரிசு கெடைக்குமான்னு எதிர்பார்க்குறதுல வேலை செய்யுற மூளை செல்லுங்க) அதிகமா துடிச்சுகிட்டே இருந்துச்சாம், 2003ல வந்த பேப்பர். அந்த காத்திருக்குற நேரத்துக்கே ஒரு ருசி இருக்கு. அதோட ஒரே ஒரு நம்பர்ல பரிசு தவறிப்போச்சுன்னா அது தோல்வியாவே தெரியாது, எங்கப்பா அன்னைக்குத்தான் கூட ரெண்டு டிக்கெட் எடுப்பாரு. சித்திய 14416க்கு கால் பண்ண சொல்லுங்க, அரசோட மனநல ஹெல்ப்லைன், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

சிங்காநல்லூர்க்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து போய் பக்கத்துல உக்காந்து நோட்ட முழுசா பொரட்டினேன். ஒன்றரை வருஷத்துல அவரோட கணிப்பு ஒண்ணு கூட எழுதல, ரிசல்ட் மட்டுந்தான். வாத்தியார் ஐயா சொன்னத சொன்னேன், திட்டுவாருன்னு நெனச்சேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "மில்லுல எல்லாத்துக்கும் லாக் புக் போட்டேன்டா"ன்னாரு. ஸ்கேல் வச்சு கணிப்பு எழுத இன்னொரு கட்டம் கோடு போட்டு குடுத்துட்டு வந்திருக்கேன்.