கோவளம் போட் டைவ்: நியூட்ரல் போதுமா? எஸ்எம்பிக்கு எவ்வளவு கயிறு?

ஈசிஆர்_முக்குளிப்பான்:
வணக்கம். கோவளத்துக்கு வெளியே 15–18 மீட்டர் ஆழத்தில் டைவ் போடத் திட்டம். ஆறு பேர், இரண்டு குழு. 40 ஹெச்பி அவுட்போர்டு போட்ட ஃபைபர் படகு. காலையில் வலை எடுத்துத் திரும்பும் படகுகள் அந்தப் பக்கம் நிறைய வரும். எங்கள் போட் டிரைவர் "நியூட்ரல்ல போட்டு வச்சிருப்பேன், ஒண்ணும் ஆகாது" என்கிறார். அது போதுமா? எஸ்எம்பியை (கீழே ஆள் இருப்பதை மேலே காட்டும் மிதவை) முதலிலிருந்தே இழுத்துக்கொண்டு போவதா, கடைசியில் விடுவதா? கயிறு எத்தனை மீட்டர்? ஆல்ஃபா கொடி (கீழே டைவர் இருக்கிறார் என்று காட்டும் கொடி) கட்டினால் மற்ற படகுகள் விலகுமா?

ஸ்பூல்_சாமி:
நியூட்ரல் போதவே போதாது, ப்ரோ. படகை ஒட்டி ஆள் தண்ணீரில் இருந்தால் இன்ஜின் ஆஃப், கில் ஸ்விட்ச் கிளிப் (கழன்றால் இன்ஜின் ஓடாது) கழன்று டிரைவர் கையில். கியர் கேபிள் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் நியூட்ரலிலேயே புரொப்பல்லர் மெல்லச் சுற்றும். அலையில் தடுமாறி யாராவது லீவர்மேல் கை வைத்தால் கியர் விழுந்துவிடும். ஐடிலில் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று, கியர் விகிதம் 2-க்கு 1 என்று வைத்தாலும் புரொப்பல்லர் 400 சுற்று. வினாடிக்கு ஆறேழு சுற்று, மூன்று பிளேடு. காலில் போட்ட ஃபின் அதில் சிக்கினால் காலை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது.

ஆளை ஏற்றும்போது பத்து மீட்டர் முன்பே நியூட்ரல், மிச்ச வேகத்தில் பக்கம் வந்ததும் ஆஃப், கயிறு வீசி இழுத்துக்கொள்ளுங்கள். ஏணி நடுப்பக்கத்தில் இருக்கட்டும். இன்ஜின் நின்றிருந்தாலும் பின்பக்கம் வேண்டாம்: அலையில் படகின் பின்பாகம் ஏறி இறங்கும்போது மோட்டாரின் கால் தலையில் இடிக்கும்.

எஸ்எம்பி விஷயத்தில், அந்தப் பகுதியின் படகு நடமாட்டத்துக்கு முதலிலிருந்தே இழுத்துப் போவதுதான் என் கட்சி. குழு எங்கே போகிறது என்று மேலே இருப்பவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். குழுவுக்கு ஒரு மிதவை, அது போக ஆளுக்கு ஒரு டிஎஸ்எம்பி (கீழிருந்தே காற்று நிரப்பி மேலே விடும் மிதவை) பையில். 18 மீட்டர் ஆழத்துக்கு 30 மீட்டர் கயிறு வையுங்கள். நீரோட்டத்தில் கயிறு சாய்வாகத்தான் போகும். ஆனால் 30 மீட்டரையும் அவிழ்த்துவிடாதீர்கள். தொந்தரவே தொய்வில்தான். கயிறு விறைப்பாக இருந்தால் மிதவை நிமிர்ந்து நிற்கும்; தொய்ந்தால் படுத்துவிடும், சின்ன அலையிலேயே மறைந்துபோகும். மேல்மட்டத்தில் தொங்கும் அந்த மிச்சக் கயிறுதான் புரொப்பல்லரில் சுற்றும்.

டிஎஸ்எம்பியை 10 மீட்டரில் விடுவதாக இருந்தால் பாதி நிரப்பினால் போதும். அங்கே அழுத்தம் 2 பார், மேலே 1. போகப் போக அதுவே முழுசாகிவிடும். விடுவதற்கு முன் தலைக்கு மேலே பாருங்கள், ஸ்பூலின் (கயிறு சுற்றிய உருளை) கிளிப்பைக் கழற்றி உடம்பிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். பிசிடியில் (உடம்பில் போடும் மிதப்பு ஜாக்கெட்) மாட்டாதீர்கள், விரலிலோ மணிக்கட்டிலோ சுற்றாதீர்கள். ஸ்பூல் சிக்கினால் கையை விட்டுவிட வேண்டியதுதான். போனால் ஸ்பூல் போகட்டும். பிடித்துக்கொண்டே மேலே போனால் நுரையீரல் தாங்காது. மிதவை மேலே போனதும் தொய்வைச் சுற்றி எடுத்து, 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று, நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டாமல் ஏறுங்கள்.

காசிமேடு_கிரீஸ்:
கொடி பற்றிச் சொல்கிறேன். சின்ன டைவிங் படகு ஆல்ஃபா கொடியின் விறைப்பான வடிவத்தை, அதுவே குறைந்தது 1 மீட்டர் உயரம் உள்ளதாக, காட்டவேண்டும் என்பது கடல் மோதல் தடுப்பு விதி. கட்டாயம் கட்டுங்கள், ஆனால் அதை நம்பி இறங்காதீர்கள். வரும் ஃபைபர் படகில் ஓட்டுபவர் பின்னால் உட்கார்ந்திருப்பார், வேகத்தில் முகப்பு தூக்கியிருக்கும், நடுவில் வலை குவிந்திருக்கும். நேர் முன்னால் இருப்பது எதுவும் அவர் கண்ணுக்குப் படாது. பட்டாலும் ஆரஞ்சு மிதவையைப் பார்த்து "யாரோ போட்ட வலைக் குறி" என்று நினைக்க வாய்ப்புண்டு. முந்தின நாளே குப்பத்தில் சொல்லிவையுங்கள்; டைவ் நடக்கும்போது ஓட்டுபவர் தவிர இன்னொருவர் சுற்றிலும் கண் வைத்திருக்கவேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், கடல் காலியாக இருக்கும் என்பார்கள். தடை விசைப்படகுக்குத்தான், ஃபைபர் வழக்கம்போல ஓடும்.

பக்கத்துப் படகு லாங் டெயில் டீசலாக இருந்தால் இன்னும் கவனம். பெரும்பாலும் கியர் கிடையாது, இன்ஜின் ஓடும்வரை புரொப்பல்லர் சுற்றும். தண்டு பின்னால் நீளமாகப் போவதால், படகை விட்டுத் தள்ளி நிற்கிறோம் என்று நினைப்பவர் பிளேடுக்கு நேராக நிற்பார்.

இறங்கும் கயிற்றுக்குப் பச்சை பிபி கயிறு கட்டாதீர்கள், அது மிதக்கும். மூழ்கும் நைலான் எடுத்து, மிதவையின் வளையத்துக்குள் விட்டு, நுனியில் 2 கிலோ ஈயம் தொங்கவிட்டால் தொய்வைத் தானே இழுத்துக்கொள்ளும். அதையும் மீறி புரொப்பல்லரில் சுற்றினால் ரிவர்ஸ் போட்டு அவிழ்க்கப் பார்க்காதீர்கள். ஆஃப் செய்து, தூக்கி, வெட்டி எடுங்கள். கரைக்கு வந்ததும் புரொப்பல்லரைக் கழற்றித் தண்டைப் பாருங்கள். மெல்லிய நூல் உள்ளே போய் சீலை அறுத்திருந்தால் கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்துவிடும்.

ஈசிஆர்_முக்குளிப்பான்:
ரொம்ப நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: 5 மீட்டரில் நிற்கும்போது இன்ஜின் சத்தம் கேட்டால்?

ஸ்பூல்_சாமி:
மேலே போகாதீர்கள். தண்ணீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகம், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காது சொல்லாது. சத்தம் கூடினால் 8 மீட்டருக்கு இறங்குங்கள், குறைந்து மறையும்வரை காத்திருங்கள். அதற்குக் காற்று வேண்டுமே! 50 பாரில் மேலே வருவது என்ற கணக்கு இங்கே உதவாது, 80-இல் திரும்புங்கள். அந்தக் கூடுதல் 30 பார், 12 லிட்டர் சிலிண்டரில் என்றால் 360 லிட்டர். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு 5 மீட்டரில் 30 லிட்டர் ஆகும், ஆக 12 நிமிடம் கையிருப்பு. கயிற்றை யாராவது மேலிருந்து இழுத்தால் ஸ்பூலை விட்டுவிடுங்கள், இரண்டாவது டிஎஸ்எம்பி அதற்குத்தான். கத்தி மட்டும் போதாது. நரம்பு வலையில் அது வழுக்கும். கத்தரியோ லைன் கட்டரோ இரண்டு கைக்கும் எட்டுகிற மாதிரி தோள் பட்டையில் மாட்டுங்கள், காலில் வேண்டாம்.