வீட்டில் கட்டிய பழங்கால விமானம்: கிட்ட நின்று பார்த்தவர்கள் எழுதுங்கள்

கல்லடிப் பொடியன்:
அக்காவின் மகன் கனடாவில் கராஜுக்குள் விமானம் கட்டுகிறான் என்றதும் ரிமோட்டில் பறக்கிற சாமான் என்றுதான் நினைத்தேன். இல்லை, ஆள் ஏறிப் பறக்கிறது. பெயர் பீட்டன்போல் ஏர் கேம்பர். அமெரிக்காவில் மினசோட்டாவைச் சேர்ந்த பெர்னார்ட் பீட்டன்போல் 1920களின் கடைசியில் உருவாக்கியது. போர்ட் மாடல் ஏ காரின் 40 குதிரைவலு எஞ்சினைப் பூட்டியே பறக்கவிட்டார். முன்னும் பின்னுமாக இரண்டு ஆசனம், தலைக்கு மேலே ஒற்றை இறக்கை, எலும்பெல்லாம் மரம், தோல் துணி. அதே வரைபடத்தை வைத்து இன்றைக்கும் ஆட்கள் வீட்டில் கட்டுகிறார்கள்.

போன லீவுக்கு வந்தவன் சொக்லேட்டோடு வரைபடச் சுருளையும் கொண்டு வந்தான். விறாந்தையில் விரித்தால் இறக்கைக்கு வளைவு கொடுக்கிற விலாச் சட்டம் ஒன்று முழு அளவில், ஐந்தடி நீளத்துக்குக் கிடக்கிறது. தோணி வேலை செய்கிற பக்கத்து வளவு ஓடாவி குனிந்து பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "பசை என்ன பசை?" எபொக்சி என்றான். ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் இரண்டு துண்டு மரத்தைத் தனியாக ஒட்டி வைத்து, காய்ந்த பிறகு உடைத்துப் பார்ப்பார்களாம். மரம் பிய்ந்தால் பசை சரி. ஒட்டின இடத்திலேயே விட்டால் அந்தக் கலவையால் ஒட்டின வேலை முழுவதும் சந்தேகம். ஓடாவிக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது, அப்புறம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கைப்பழக்கத்துக்காகத் துணி போர்த்திய சின்னச் சட்டம் ஒன்றும் வைத்திருந்தான். பறக்கும்போது இறக்கையின் மேல்பக்கத்துத் துணி உப்பி எழும்பப் பார்க்கும். அதனால் நீண்ட ஊசியால் மேலிருந்து கீழே குத்தி, மெழுகு பூசிய நூலை விலாவைச் சுற்றி எடுத்து, வரிசையாக முடிச்சுப் போட்டு இறுக்க வேண்டும். விசிறிக் காற்று அடிக்கிற பகுதியில் முடிச்சுகள் இன்னும் நெருக்கம். எங்கள் அப்பா வாழ்க்கை முழுக்கக் கரைவலையோடு கிடந்தவர். கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மனே, வலையா பொத்துறாய்?"

"இல்ல அம்மப்பா, இது பிளேன்ட செட்டை."

"முடிச்சு நம்மட முடிச்சுத்தானே. பெருவிரலால அமத்திப் பிடிச்சிட்டு இழு, வழுக்காது."

உண்மையிலேயே அது வலைக்காரர் முடிச்சில் இருந்து வந்ததுதான், கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள். பெருவிரல் வித்தையைப் பிடித்துக்கொண்ட பிறகு மருமகனின் கை இரண்டு மடங்கு வேகம். ஆனால் துணியைச் சூடாக்கிச் சுருக்கிக் காட்டச் சொன்னபோது எங்கள் வீட்டு அயன்பெட்டியைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டான். பொலியெஸ்டர் துணி, 350 பாரன்ஹீட்டைத் தாண்டினால் இறுக்கம் போய்விடுமாம். வெப்பமானி வைத்துச் சரிபார்த்த அயன்பெட்டிதான் வேண்டும்.

அக்கரைப்பற்று ரைடர்:
காக்கா, நான் பார்த்தது வேறு ரகம். பிரிஸ்பேனில் வேலை செய்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பன் சின்ன விமானங்கள் இறங்குகிற புல் ஓடுபாதை ஒன்றுக்குக் கூட்டிப்போனான். தூரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஸ்பிட்பயர் போர் விமானம் ஒன்று நிற்கிறது. கிட்டப் போகப் போக ஏதோ பிழை மாதிரி இருந்தது. விமானி ஏறி உட்கார்ந்த பிறகுதான் பிடிபட்டது. கண்ணாடிக் கூண்டுக்குள் அவர் தலை அளவுக்கு மீறிப் பெரிதாகத் தெரிந்தது. அசலின் 80 சதவீத அளவு. பிரிஸ்பேனில் தொடங்கிய கம்பனி பாகம் பாகமாக விற்ற கிட், அலுமினியத் தகடு, ரிவெட்டெல்லாம் சொந்தக்காரர் அடித்தது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சத்தத்தில் ஏமாற்றம். அசல் ஸ்பிட்பயரின் மெர்லின் எஞ்சின் உறுமலை எதிர்பார்த்து நின்றவனுக்கு இது காணாது. எனக்கென்றால் போர் விமானத்தைச் சின்னதாக்குவதைவிட, தொடக்கத்திலேயே சின்னதாகப் பிறந்த ஏர் கேம்பர்தான் நேர்மையான வேலை.

வாழைச்சேனை மச்சான்:
நம்மட மட்டக்களப்புக் கடலுக்குள்ளே விமானம் தாங்கிக் கப்பலே கிடக்குது, நீங்கள் கனடாவுக்கும் பிரிஸ்பேனுக்கும் போறீங்கள்! 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்டுத் தாட்ட வெள்ளைக்காரன்ட கப்பல் ஹெர்மிஸ். விமானம் தேடி மட்டும் சுழியோடாதீங்க, அன்றைக்கு அதில் விமானம் இருக்கவில்லை. சரி, என் கேள்வி இது: பழைய போர்ட் எஞ்சினுக்கு இப்போது எங்கே போவது? இதை இங்கே கட்டலாமா?

கல்லடிப் பொடியன்:
போர்ட்தான் வேண்டும் என்றில்லை. பீட்டன்போலே 1960களில் கோர்வேர் கார் எஞ்சினைப் பூட்டிப் பறந்தார். சின்ன கொன்டினென்டல் விமான எஞ்சின் பூட்டுகிறவர்களும் உண்டு. மருமகன் இன்னும் முடிவு செய்யவில்லை, விலையைப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போடுகிறான். இங்கே பறக்க விடுவதென்றால் சிவில் விமான அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் ஓரடி எழும்ப முடியாது. மரமும் பிரச்சினை. அவர்கள் பாவிப்பது ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம், பாரம் குறைவு, ஆனால் உறுதி. நம்மட முதிரை மரத்தில் கட்டினால் என்ன என்று ஓடாவியிடம் கேட்டேன். "நல்லாக் கட்டலாம், நூறு வருசம் நிக்கும். எழும்பத்தான் எழும்பாது" என்றார்.