புதுப்பிப்பு: சக்கரப் பெட்டியா, முதுகுப்பையா?

வாராவாரம் கும்பகோணத்திலிருந்து சென்னை போய்வர எது வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பை என்றுதான் நிறையப் பேர் சொன்னீர்கள். 40 லிட்டர் நைலான் பை வாங்கி, நாலு முறை உழவன் எக்ஸ்பிரஸில் போய் வந்துவிட்டேன். ரொம்ப நன்றி, சரியான யோசனை!

ஐப்பசி மழையில் எங்கள் தெரு முழுக்கச் சேறு. பழைய பெட்டி என்றால் சக்கரம் புதைந்து, தலையில்தான் தூக்கியிருப்பேன். இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டினால் பாரம் தோளை விட்டு இடுப்புக்கு இறங்கிவிடுகிறது. இதை முதல் தடவை கவனிக்கவில்லை, தோள் கன்றிப்போனது.

ஒரு குறை. துணியில் தண்ணீர் ஒட்டவில்லை, ஆனால் ஜிப் பல்லிடுக்கிலும் தையல் துளையிலும் இறங்கிவிட்டது. அம்மா கட்டிக்கொடுத்த காப்பித்தூள் பொட்டலம் அடியில் கட்டியாகிக் கிடந்தது, மனசே ஆறவில்லை. இப்போது மழையுறை போடுகிறேன், துணிமணியைத் தனியாக பிளாஸ்டிக் கவரில் வைக்கிறேன்.

விமானத்துக்கும் ஆகுமா என்று கேட்ட அண்ணனுக்கு: உள்நாட்டு விமானங்களில் கையில் கொண்டுபோக பெரும்பாலும் 7 கிலோதான். பை காலியாகவே எவ்வளவு கனம் என்று கடையிலேயே நிறுத்துப் பாருங்கள். அப்பாவுக்கு முட்டிவலி, அவருக்கு மட்டும் சக்கரப் பெட்டியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.