காற்றா, மூச்சா? ‘ஏர்போர்ன்’ என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

‘ஏர்போர்ன்’ பரவலுக்கு, அதாவது நோய் காற்றில் மிதந்து பரவுவதற்கு, தமிழ்ச்சொல் தேடும் நம் இழையில் இதுவரை வந்த முன்மொழிவுகளை ஓர் ஏட்டில் குறித்து வைத்திருக்கிறேன். காற்றுவழிப் பரவல், வளிவழிப் பரவல், வளிமப் பரவல், காற்றூர் தொற்று. நான்கிலும் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனாலும் நான்கையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்ல, 2021 மே மாதத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். எங்கள் ஊரில் ஒரு சிறிய மருத்துவமனைக்குச் சுவர் அறிவிப்புகள் எழுதிக் கொடுத்தேன். “இந்நோய் காற்றின் வழியாகவும் பரவும்” என்பது அதில் ஒரு வரி. அப்படி எழுத வேண்டும் என்று நான்தான் வற்புறுத்தினேன். இரண்டு நாள் கழித்துப் போனபோது, காத்திருக்கும் கூடத்தில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன. மேலே மின்விசிறி உள்ளே இருந்த காற்றையே சுழற்றிக்கொண்டிருந்தது. ஏன் அடைத்தீர்கள் என்று செவிலியரிடம் கேட்டேன். “நீங்கள்தானே சார் காற்றில் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள்? அதனால்தான் அடைத்துவிட்டோம்” என்றார்.

அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் தமிழைச் சரியாகத்தான் படித்தார். தமிழில் காற்று என்பது வெளியிலிருந்து வருவது. அது வீசும், அடிக்கும், நுழையும், படும். ஊதக்காற்று ஆகாது என்று காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்கிறோம். பனிக்காற்று படக் கூடாது என்று பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறையின் ஜன்னலை அடைக்கிறோம். ‘காற்றுக் கருப்பு’ என்று ஒரு தொடரே இருக்கிறது. அண்டவிடக் கூடாதது என்று அதற்குப் பொருள். இந்த மொழியில் வளர்ந்தவரிடம் நோய் காற்றில் வருகிறது என்று சொன்னால் அவருக்குக் கேட்பது ஒன்றுதான்: அது வெளியே இருக்கிறது, உள்ளே விடாதே.

உண்மையோ நேர் எதிர். அது உள்ளே இருக்கிறது, வெளியே விட வேண்டும்.

‘வளி’ இன்னும் சிக்கலானது. வளி, அழல், ஐயம் என்பவை சித்த மருத்துவத்தின் முக்குற்றங்கள். மிகினும் குறையினும் நோய் செய்பவை என்று வள்ளுவர் எண்ணும் மூன்றும் ‘வளிமுதலா’ வருபவைதான். ‘வளிநோய்’ என்றால் ஒரு சித்த மருத்துவர் வாதநோயைத்தான் நினைப்பார். அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரர்கள் ஏற்கெனவே இருக்கும்போது நாம் அதில் குடியேறுவது முறையல்ல.

காற்றில் மிதக்கும் நுண்துளிகளை ஏரோசால் என்பார்கள். வேதியியல் படித்த நண்பர் அதற்கு ‘வளிக்கூழ்மம்’ என்றார். ஒன்றுக்குள் மற்றொன்று நுண்ணியதாகக் கலந்து நிற்கும் கொலாய்டைப் பாடநூல்களில் கூழ்மம் என்றே படித்தோம். அந்த வரிசையில் இது சரியாகவே பொருந்துகிறது. வேதியியல் நூலில் அது இருக்கட்டும். மருத்துவமனைச் சுவரில் எழுதினால் கூழ் ஞாபகம்தான் வரும். (வைரஸுக்கு நச்சுயிரியா, தீநுண்மியா என்ற பழைய வழக்கை இந்த இழையில் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எதைத் தேர்ந்தாலும் அதனால் யாரும் ஜன்னலை அடைக்கப் போவதில்லை.)

சொல்லுக்கு முன்னால் பொருளைப் பார்ப்போம். கொரோனா வைரஸ் ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பத்தில் ஒரு பங்கு அளவு உள்ளது. அது தனியாகப் பறந்து வருவதில்லை. நாம் விடும் மூச்சிலும் பேச்சிலும் இருமலிலும் வெளியேறும் ஈரத்துளிகளுக்குள் இருந்து வருகிறது. 100 மைக்ரான் துளி முக உயரத்திலிருந்து ஐந்தாறு நொடியில் தரைக்கு வந்துவிடும். 5 மைக்ரான் துளிக்கு அசையாத காற்றில் அரை மணி நேரம் பிடிக்கும். ஒரு மைக்ரான் துளி அரை நாள் வரை மிதக்கும். அறையில் காற்று அசைந்தால் அதுவும் கூடவே அலையும். பூட்டிய அறையில் சாம்பிராணி போட்டால் எப்படி மூலைமுடுக்கெல்லாம் பரவி நிற்குமோ, அப்படி.

2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மவுண்ட் வெர்னன் என்ற ஊரில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வாசலிலேயே கைகளில் கிருமிநாசினி தடவிக்கொண்டார்கள், கை குலுக்கவில்லை, கட்டி அணைக்கவில்லை. வந்தவர்கள் 61 பேர். நோய் கண்டவர்கள் 53 பேர், அவர்களில் இருவர் இறந்தார்கள். கைக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் அவர்கள் செய்தார்கள். மூச்சுக்கு எதுவும் செய்யவில்லை, ஏனென்றால் யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

சொல்ல வேண்டியவர்களிடமும் அப்போது சொல் இல்லை என்பதுதான் எனக்கு நெஞ்சில் தைக்கிறது. அதே மாதம் 28ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம், கோவிட் ‘ஏர்போர்ன்’ அல்ல என்று அடித்துச் சொல்லி ட்விட்டரில் பதிவிட்டது. அந்நிறுவனம் பின்பற்றிய மருத்துவ மரபில் ‘ஏர்போர்ன்’ என்பது காசநோய், தட்டம்மை போன்ற சிலவற்றுக்கே உரிய பட்டம். 5 மைக்ரானுக்கு மேலே என்றால் துளி, கீழே என்றால் ஏரோசால் என்று ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்கள். 1934இல் வெல்ஸ் என்ற அமெரிக்க அறிவியலாளர் எது விழும், எது காய்ந்து மிதக்கும் என்று கணக்கிட்டபோது அவருக்குக் கிடைத்த எல்லை ஏறத்தாழ 100 மைக்ரான். நுரையீரலின் அடியாழம் வரை போகக்கூடிய காசநோய்த் துகளின் அளவு 5. இரண்டும் எங்கோ கலந்து, 5 என்பதே விழுவதற்கும் மிதப்பதற்கும் எல்லை என்று பாடநூல்களில் நின்றுவிட்டது. கோவிட் காற்றில் மிதந்தும் பரவுவதை ஏற்க வேண்டும் என்று 2020 ஜூலையில் 239 அறிவியலாளர்கள் சேர்ந்து கடிதம் எழுதினார்கள். 2024 ஏப்ரலில்தான் உலக சுகாதார நிறுவனம் சொற்களைத் திருத்தி அறிக்கை வெளியிட்டது. அளவுக் கோட்டை அழித்தார்கள். பெரிதோ சிறிதோ, மூச்சுப்பாதையிலிருந்து தொற்றோடு வெளிவரும் அனைத்துக்கும் ஒரே பெயர் வைத்தார்கள். அது சென்று சேரும் வழி இரண்டு என்றார்கள்: மூச்சோடு உள்ளே இழுக்கப்படுவது ஒன்று, வாய், மூக்கு, கண்ணில் நேரே வந்து படிவது மற்றொன்று.

ஆகவே நண்பர்களே, நாம் பழைய ‘ஏர்போர்ன்’ என்ற சொல்லுக்குத் தமிழ் தேடிக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலத்தார் அந்தச் சொல்லோடு நான்கு ஆண்டுகள் மல்லுக்கட்டி, அதன் எல்லையையே மாற்றி வரைந்துவிட்டார்கள். அவர்கள் கழற்றிப் போட்ட சட்டையை நாம் அளவெடுத்துத் தைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழில் நோய் பரவுவதைச் சொல்லும் சொற்கள் எல்லாமே தொடுதலைச் சொல்பவை. தொற்று என்றால் பற்றிக்கொள்வது. ‘தொற்றிக்கொண்டது’ என்கிறோம். ஊர்ப்புறத்தில் ‘ஒட்டுவாரொட்டி’ என்பார்கள். எவ்வளவு அழகான சொல், அதுவும் ஒட்டுவதுதான். நம் மொழி நோயைத் தோலில் வைத்துப் பார்க்கிறது. அதனால்தான் கை கழுவுவதை மக்கள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். காய்கறியைக் கழுவினார்கள், பால் பாக்கெட்டைக் கழுவினார்கள், ரூபாய் நோட்டைக்கூட வெயிலில் காயவைத்தார்கள். திருப்பூரில் சந்தை வாசலில் மனிதர்கள் மேலேயே கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கம் அமைத்தார்கள். ஆட்கள் மேல் தெளிக்க வேண்டாம் என்று 2020 ஏப்ரலிலேயே மத்திய சுகாதாரத் துறை சொல்ல வேண்டியிருந்தது. ஓராண்டு கழித்து, பொருட்களின் மேற்பரப்பைத் தொடுவதால் கோவிட் வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் மதிப்பிட்டது. கழுவியதில் தவறில்லை. சோப்பு அந்த வைரஸின் கொழுப்பு உறையைக் கரைத்துவிடும் என்பது உண்மை. கையால் பரவும் வேறு எத்தனையோ நோய்களுக்கும் அது காவல். ஆனால் இருந்த அச்சம் முழுவதும் தோலுக்கே செலவானது. மூச்சுக்குப் பங்கு கிடைக்கவில்லை.

என் முன்மொழிவு இது. காற்றை விட்டுவிட்டு மூச்சைப் பிடிப்போம்.

உலக சுகாதார நிறுவனத்தின் புதிய பொதுப்பெயருக்கு மூச்சுத்துளி. உள்ளே இழுக்கப்பட்டுப் பரவுவதற்கு மூச்சுப் பரவல். நேரே வந்து படிவதற்குத் தெறிப்புப் பரவல். கையாலும் பொருளாலும் வருவதற்குத் தொடுகைப் பரவல்.

மூச்சுத்துளிக்குப் பதிலாக ‘மூச்சுத்துகள்’ என்று வைத்தால் என்ன என்று கோவை நண்பர் கேட்டிருந்தார். மிதக்கும்போது பாதிக்கு மேல் காய்ந்துவிடுகிறதே, அதைத் துளி என்பது சரியா என்பது அவர் கேள்வி. அறிவியல்படி அவர் சொல்வது நியாயம். நீர் போனபின் உப்பும் புரதமும் வைரஸும்தான் மிஞ்சுகின்றன. ஆனால் துகள் என்றதும் தமிழருக்குத் தூசி நினைவுக்கு வரும், தூசி என்றதும் கை துடைப்பத்துக்குப் போகும். துளி என்றால் அது ஒரு உடம்பிலிருந்து வந்தது என்பது விளங்குகிறது. அந்த நினைவை இழக்க எனக்கு மனமில்லை.

‘நீர்த்திவலை’ என்று செய்தித்தாள்கள் எழுதிவந்ததே, அது போதாதா என்று இன்னொரு கேள்வி. திவலை நல்ல சொல். அதன் உறவான துவலை நெடுநல்வாடையிலேயே ‘துவலைத் தண்துளி’ என்று மழைத்தூறலாக வருகிறது. மழையைச் சொல்ல அதைவிட நல்ல சொல் இல்லை. ஆனால் அது விழும் நீர். விழுந்ததைத் துடைத்துவிட்டால் போதும் என்று தோன்றும். மேலும் திவலை என்று பேச்சில் யாரும் சொல்வதில்லை. எச்சில் தெறிக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். தெறிப்புப் பரவல் என்பதை அந்தப் பேச்சிலிருந்துதான் எடுத்தேன். இருமுகிறவர் எதிரே நிற்கும் எவருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

மூச்சு என்ற சொல்லில் எனக்குப் பெரிதாகப்படும் பயன் வேறொன்று. கோவிட்டில் இருமல் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பே ஒருவர் வைரஸை வெளியே விடத் தொடங்கிவிடுகிறார். காய்ச்சல் இல்லை, சளி இல்லை, அவருக்கே தெரியாது. அந்த நாட்களில் கைபேசியில் யாரை அழைத்தாலும் முதலில் ஓர் இருமல் ஒலி கேட்கும். இருமுகிறவரைக் கண்டு விலகினால் போதும் என்று அது நம்மைப் பழக்கிவிட்டது. மூச்சுப் பரவல் என்று சொல்லிப் பாருங்கள். மூச்சு விடாதவர் யார்? பக்கத்தில் உட்கார்ந்து நலமாகப் பேசிக்கொண்டிருப்பவரும் அதில் அடங்குகிறார், நாமும் அடங்குகிறோம். யாரையும் நோயாளி என்று சுட்டாமலேயே எல்லாரையும் முகக்கவசம் அணியச் சொல்ல அந்தச் சொல் இடம் தருகிறது. ‘சமூக விலகல்’ என்ற மொழிபெயர்ப்பு வந்தபோது, தீண்டாமை இருந்த ஊரில் இப்படியா எழுதுவது என்று பலர் கொதித்தார்களே, அது சரியான கொதிப்பு. மனிதரை ஒதுக்கும் சொல்லைவிட மூச்சைக் காக்கும் சொல் நமக்கு வேண்டும்.

முகக்கவசம் பற்றியும் ஒரு வார்த்தை. கவசம் அணிந்தவரைக் காப்பது. ஆனால் சாதாரணத் துணி முகக்கவசம் பெரும்பாலும் அணிந்தவரிடமிருந்து மற்றவரைக் காக்கிறது. பொருள் சற்று நழுவுகிறது. இருந்தாலும் ஊர் ஏற்ற சொல்லை இனி அசைக்கக் கூடாது. ஊரடங்கு போலவே அதுவும் நிலைத்துவிட்டது.

காற்றைப் பகையாக்காமல் இருப்பதற்கு நம்மிடமே ஒரு சான்று நிற்கிறது. சென்னையில் தாம்பரத்துக்கு முந்திய ரயில் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். 1928இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனையின் நினைவு அது. மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில், திறந்த வெளியும் தாராளமான காற்றும்தான் மருத்துவம் என்று நம்பிக் கட்டிய இடம். அதற்கான சொல்லும் நம்மிடம் புழக்கத்தில் இருக்கிறது: காற்றோட்டம். காற்று ஓட வேண்டும் என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. நோய்க்கு மூச்சையும் தீர்வுக்குக் காற்றையும் ஒதுக்கினால் குழப்பமே இல்லை. ‘காற்றில் பரவுகிறது, காற்றோட்டம் வேண்டும்’ என்று எழுதுவதால்தான் படிப்பவர் திணறுகிறார்.

சென்ற வாரம் இந்தச் சொற்களை அதே மருத்துவமனைக்கு எடுத்துப் போனேன். செவிலியர், துப்புரவுப் பணி செய்யும் இரண்டு அக்காமார், மருந்து வாங்க வந்த ஒரு பெரியவர் என நான்கு பேரிடம் கேட்டேன். “மூச்சுப் பரவல் உள்ள நோய்” என்றால் என்ன செய்வீர்கள் என்று மட்டும்தான் கேட்டேன். பெரியவர் வாயை மூடிக் காட்டினார். அக்காமாரில் ஒருவர், “கூட்டமா உட்காரக் கூடாது, கதவைத் திறந்து வைக்கணும்” என்றார். நான்கு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் யாரும் ஜன்னலை அடைக்கிறேன் என்று சொல்லவில்லை.

புதிய அறிவிப்புக்கு நான் எழுதிவைத்திருக்கும் வரிகள்: “இந்த நோய் ஒருவர் விடும் மூச்சிலிருந்து மற்றவருக்குப் பரவும். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், முகக்கவசம் அணியுங்கள். இருமல், தும்மல் தெறிக்காமல் முழங்கை மடிப்பில் மறையுங்கள். கைகளைச் சோப்புப் போட்டு 20 நொடி கழுவுங்கள்.” இதில் கலைச்சொல் ஒன்றுகூட நேராக வரவில்லை, மூச்சு, தெறிப்பு, கை என்ற மூன்றும் வருகின்றன. சுவரில் படித்தவர் நாளை செய்தித்தாளில் மூச்சுப் பரவல் என்று பார்த்தால் உடனே பொருந்திவிடும் என்பது என் எதிர்பார்ப்பு.

வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு ஐயங்கள் பாக்கி. மூச்சுத்துளியைச் சேர்த்து எழுதுவதா, பிரித்தா? நான் சேர்த்து எழுதுகிறேன், ஒரே பொருளின் பெயர் என்பதால். அடுத்து, இலங்கை நண்பர்கள் ‘தெறிப்பு’ என்பதை அங்கே எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்று எழுதினால் நல்லது. ஒளித்தெறிப்பு என்று எதிரொளிப்பைச் சொல்வது அங்கே பாடநூல் வழக்கு. மருத்துவச் சூழலில் அது இடிக்குமா?

அன்புடன்