செட்டுன்னா என்னதாங்க அர்த்தம்? பொண்ணு கேட்டு மாட்டிக்கிட்டேன்

வெண்ணாற்றங்கரை:
எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் நமக்கு. பொண்ணு ஒன்பதாவது, தமிழ் மீடியம். கணக்குல மொத பாடமே கண மொழி, கணம்னா இங்கிலீஷ்ல செட்டாம். நேத்து சாயந்தரம் போர் கொட்டாயில குளிச்சிட்டு வந்து துண்ட உதறிட்டு இருக்கேன், "அப்பா, செட்டுன்னா எது உள்ள, எது வெளியன்னு தெளிவா வரையறுத்த பொருளெல்லாம் சேந்த கூட்டம்னு கணக்கு சார் சொல்றாரு, சன்செட்டுன்னா சூரியன் மறையறதுன்னு இங்கிலீஷ் மிஸ் சொல்றாங்க, அப்ப சூரியன் கூட்டமாவா மறையுது"ன்னு கேக்குது. நான் ஐடிஐ படிச்சவன், எனக்கு தெரிஞ்ச செட்டு பம்பு செட்டுதான். வீட்ல இருந்த பழைய டிக்சனரிய எடுத்தா அந்த ஒரு வார்த்தையே பக்கம் தாண்டி ஓடுது, பொடி எழுத்து வேற, பாதியிலயே கண்ணாடிய கழட்டி வச்சிட்டேன். இது ஒரே வார்த்தையா இல்ல நாலஞ்சா? புள்ளைக்கு புரியற மாதிரி ஏதாவது பிடி இருந்தா சொல்லுங்க.

மைக்செட்டு மாமா:
தம்பி நம்ம பொழப்பே செட்டுதான், வெளக்கம் மட்டும் கேக்காதீங்க 😄 கோயில் கொடைக்கு மைக் செட்டு, கல்யாணத்துக்கு ரெண்டு செட் நாயனம், பந்தியில செட் தோசை, ராத்திரி சீட்டு ஆடுறவன் செட்டு சேரலன்னு பொலம்புவான், பெருசுங்க பல் செட்ட தம்ளர் தண்ணில போட்டுட்டு காலைல தேடும், மாப்ள வீடு பாத்துட்டு வந்து "நமக்கு செட் ஆகாதுப்பா"ம்பாங்க. ஒண்ணு கவனிச்சிருக்கீங்களா, நாம தனியா செட்டுன்னு சொன்னா யாருக்கும் ஒண்ணும் புரியாது, ஆகு, பண்ணு, போடு, சேருன்னு பின்னாடி ஒண்ணு ஒட்டினாதான் அர்த்தம் நிக்கும். "ஆள செட் பண்ணிட்டான்"னா ஒண்ணு, "அலாரம் செட் பண்ணிட்டான்"னா ஒண்ணு, பண்ணு அதேதான், ஆனா முன்னாடி நிக்கிறது வேற.

திருவையாறு டியூஷன்:
நான் முப்பது வருசமா இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கறேன், இது எல்லா பேட்ச்லயும் வர்ற கேள்வி. உங்க பொண்ணு சரியான எடத்துல கைய வச்சிருக்கு. அது உண்மையில ரெண்டு வார்த்தை. கூட்டம்ங்கற செட்டு, லத்தீன் மொழியில செக்டான்னு ஒரு சொல்லு, ஒருத்தர் பின்னாடி போறவங்க, அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குள்ள வந்தது. மத்தது பழைய இங்கிலீஷ் சொல்லு, சிட்டோட கூடப்பொறந்தது. சிட்டுன்னா உக்காரு, செட்டுன்னா உக்கார வை. நம்ம தமிழ் வாத்தியார் தன்வினை பிறவினைன்னு நடத்துவாரே, திருந்து திருத்து, உருளு உருட்டு, அதே கதைதான். பின்னாடி ரெண்டும் ஒரே உச்சரிப்புல கலந்துபோச்சு.

அதனால பாப்பாகிட்ட "வை"ன்னு ஒரு சொல்ல பிடிச்சுக்க சொல்லுங்க. தீ வை, பொறி வை, விலை வை, தேதி வை, அலாரம் வை, கால் வை. இதுல எத மாத்தினாலும் இங்கிலீஷ்ல செட்டுதான் வரும். அடுத்தவன் வைக்காம தானா உக்காந்தா அது சூரியன், தயிர், சிமெண்ட். சூரியன் மேக்கால போயி உக்காருது, அவ்ளோதான். வை எல்லாத்துக்கும் ஆகாது, குழம்பு வை, மீசை வை, பேர் வை, இதுக்கெல்லாம் செட்டு போட்டா மார்க் போயிரும்.

இன்னொரு சேதி. ஆக்ஸ்போர்டு பெரிய அகராதி 1989 பதிப்புல இந்த செட்டுக்கு மட்டும் 430 அர்த்தம் போட்டாங்க. இப்ப ரன்னுங்கற வினைச்சொல் 645ன்னு முந்திருச்சு, அத எழுதின பீட்டர் கில்லிவர் அந்த ஒரு சொல்லுக்கே ஒன்பது மாசம் உக்காந்தாரு. நீங்க கண்ணாடிய கழட்டினதுல தப்பே இல்ல.

கொத்தனார் மவன்:
சார் சிமெண்ட்னு சொன்னதால வரேன், சைட்ல தெனம் நடக்கற சண்டை இது. காஞ்சிருச்சுன்னும் செட் ஆயிருச்சுன்னும் ஒண்ணுன்னு நெனைக்கிறாங்க. காயறதுன்னா தண்ணி போறது, செட் ஆகறதுன்னா சிமெண்ட் தண்ணியோட சேந்து கெட்டியாகறது, அதுக்கு தண்ணிதான் வேணும், அதனாலதான் மறுநாள் சாக்கு போட்டு நனைக்கிறோம். சாதா சிமெண்ட் கலந்ததுல இருந்து 30 நிமிசத்துக்கு முன்னாடி எறுக ஆரம்பிக்கக் கூடாது, 600 நிமிசத்துக்குள்ள எறுகிடணும்னு கணக்கு. எங்கப்பா டீ குடிச்சிட்டு வந்து சட்டியில மிச்சமிருந்த கலவைய கரண்டியால குத்திப் பாப்பாரு, கெட்டிப்பட்டுருந்தா தண்ணி ஊத்தி கலக்க விடமாட்டாரு, தூக்கி கொட்டிருவாரு. வீட்டுக்காரர் மொறைப்பாரு.

பேராவூரணி ரவா:
யாருமே ஷெட்ட சொல்லலையே. மாட்டு ஷெட்டு, கார் ஷெட்டு, நம்மாளு வாயில எல்லாமே செட்டுதான். "பம்பு செட்டுல குளிச்சேன்"னா மோட்டார்லயா குளிச்ச, கொட்டாயிலதானே? மோட்டாரும் பம்பும் சேந்தது செட்டு, அத மூடி நிக்கறது ஷெட்டு. அப்பறம் எங்க ஆத்தா "கட்டும் செட்டுமா குடும்பம் நடத்து"ம்பாங்க, அது சுத்தத் தமிழ் செட்டு, சிக்கனம்னு அர்த்தம். அதையும் இதுல சேத்துறாதீங்க.

வெண்ணாற்றங்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டியூஷன் சார் சொன்ன "வை"ய பாப்பாகிட்ட சொன்னேன், நோட்டுல எழுதிக்கிட்டு, "அப்ப கண மொழியில இருக்கறது அந்த லத்தீன் செட்டு, சன்செட்டு உக்கார்ற செட்டு"ன்னு தானே பிரிச்சிருச்சு. அதோட விட்டுச்சா, கணம்னா நொடின்னும் அர்த்தம் இருக்கே, பூதகணம்னும் இருக்கேன்னு இப்ப தமிழ் பக்கம் திரும்பிருக்கு, அத அவங்க அம்மாகிட்ட அனுப்பிட்டேன். மேட்டூர் ஜூன் 12 தொறந்து தண்ணி இங்க வர்றதுக்குள்ள நாத்தங்காலு காஞ்சிரக் கூடாது, த்ரீ ஃபேஸ் வந்துருச்சு, செட்ட போட்டுட்டு வரேன்.