அட்சார்ப்ஷனுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்? 'பற்று' சரிப்படுமா?

மடல் 1

எல்லாருக்கும் வணக்கம்.

ஐஐடி மெட்ராஸ் வேதியியல் பேராசிரியர் தலப்பில் பிரதீப் பத்தி ஒரு சின்னப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதிட்டிருக்கேன். விருதுகளை எல்லாம் (2008 பட்நாகர், 2020 பத்மஸ்ரீ) ஒரே வரில முடிச்சாச்சு, அவர் நிஜமா என்ன வேலை பண்ணாருன்னு சொல்றதுதான் என் ஆசை, ஆனா முதல் பக்கத்துலயே மாட்டிக்கிட்டேன். அவரோட தண்ணி ஆராய்ச்சில பெரும்பகுதி ஒரே ஒரு வினைச்சொல்ல நம்பி நிக்குது, அதுக்குத் தமிழ் கிடைக்கல.

அட்சார்ப்ஷன். தண்ணில கரைஞ்சிருக்குற விஷம் ஒரு திடப்பொருளோட மேல்பரப்புல போய் உக்காந்துக்குது, தண்ணி மட்டும் கீழ வந்துடுது. இதை முதல்ல "உறிஞ்சுகிறது"ன்னு எழுதினேன். அம்மா படிச்சுட்டு "அப்ப ஸ்பாஞ்சா? பிழிஞ்சா திரும்பி வந்துடுமா?"ன்னு கேட்டாங்க. சரின்னு "வடிகட்டுகிறது"ன்னு மாத்தினா அது இன்னும் மோசம், கரைஞ்ச ஆர்சனிக் உப்பு மாதிரி, நீங்க எந்தத் துணில வடிகட்டினாலும் தண்ணியோட சேர்ந்தே இறங்கிடும். நம்ம பிளஸ் டூ புத்தகத்துல "பரப்பு கவர்தல்"னு இருக்கு, தப்பு சொல்ல மாட்டேன், ஆனா "இரும்பு ஆக்ஸைடு ஆர்சனிக்கைப் பரப்பு கவர்கிறது"ன்னு ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்க, நொண்டுது. "பரப்புக் கவர்ச்சி"ன்னா போச்சு, சினிமா போஸ்டர் ஞாபகம் வந்துடுது.

யாராவது கை குடுங்க.

-----

மடல் 2

> அவரோட தண்ணி ஆராய்ச்சில பெரும்பகுதி ஒரே ஒரு வினைச்சொல்ல நம்பி நிக்குது

தங்கச்சி, இந்த வரியக் கட்டுரைலயும் அப்படியே வைம்மா, நல்லாருக்கு. ஆனா கொஞ்சம் திருத்தணும், அதுக்கு அப்புறம் வரேன்.

நான் முப்பது வருஷம் பசங்களுக்கு கெமிஸ்ட்ரி சொல்லிக்குடுத்தவன், அப்சார்ப்ஷன் (உள்ள உறிஞ்சிக்கிறது) அட்சார்ப்ஷன் குழப்பத்துல எத்தனை மார்க் போச்சுன்னு எனக்குத்தான் தெரியும். இத்தனைக்கும் இங்கிலீஷ்காரனுக்கும் இது தாத்தா பாட்டி சொல்லிக்குடுத்த சொல் இல்ல, 1881ல ஹைன்ரிக் கைசர்ங்கிற ஜெர்மன் இயற்பியலாளர் உட்கார்ந்து செஞ்ச சொல். லத்தீன்ல உறிஞ்சுறதுக்கு இருந்த வேர எடுத்து முன்னால ஒரு எழுத்த மாத்திப் போட்டார், அவ்ளோதான். 1909ல மெக்பெய்ன்ங்கிற வேதியியலாளர் வந்து ரெண்டுக்கும் பொதுவா 'சார்ப்ஷன்'னு மொட்டையா ஒண்ண வச்சார். அவங்க மொழில உறிஞ்சுறதத் தவிர வேற வேர் கைக்கு வரல போல. நமக்கு அந்தக் கஷ்டம் எதுக்கு?

அடுக்களைக்குப் போங்க. பத்துப் பாத்திரம் தேய்க்கிறோம்ல, அது என்ன பத்து? பாத்திரத்துக்குள்ள புகுந்ததா? இல்ல, மேல பத்திக்கிட்டது. தலைவலிக்குச் சுக்கு அரைச்சு நெத்தில பத்துப் போடுறோம், அதுவும் மேலதான் நிக்குது. துணில கறை பத்துது, கையில மஞ்சள் பத்துது. எழுதும்போது எல்லாமே பற்று. உள்ள போறதுக்கு உறிஞ்சு, மேல நிக்கிறதுக்குப் பற்று, இந்த வித்தியாசத்த யாரும் வகுப்பெடுத்துச் சொல்லாமலே நம்ம ஜனம் சரியாப் புழங்கிட்டிருக்கு. அதனால என் ஓட்டு "பற்று"க்கு. தெளிவு வேணும்னா புறப்பற்று.

வாக்கியத்துல போட்டுப் பாருங்க: "இரும்பு ஆக்ஸைடு மணிகள் ஆர்சனிக்கைப் பற்றிக்கொள்கின்றன." நொண்டல. இன்னொண்ணு, 'கவர்'னா ஏதோ தூரத்துல நின்னு இழுக்குற மாதிரி இருக்கு, இங்க நடக்குறது அதுக்கும் மேல. ஆர்சனிக் இரும்போட பரப்புல ஆக்சிஜன் வழியா வேதிப்பிணைப்பே போட்டுக்குது, சும்மா தண்ணி ஊத்தினா விடாது. அம்மா பிழியுறதப் பத்திக் கேட்டாங்கல்ல, அவங்களுக்கு இதச் சொல்லுங்க.

இப்ப திருத்தம். பிரதீப் தண்ணி வேலைல நுழைஞ்சது பற்றல வச்சு இல்ல, சிதைவ வச்சு. பெங்களூர்ல ஐஐஎஸ்சில (இந்திய அறிவியல் நிறுவனம்) டாக்டரேட் முடிச்சு, வெளிநாட்டுல கொஞ்ச காலம் இருந்துட்டு 1993ல சென்னைக்கு வந்தவர், அப்ப அவர் பார்த்துட்டிருந்தது பரப்பு வேதியியலும் நுண்துகளும்தான், குடிதண்ணி இல்ல. அதுல வெள்ளி நுண்துகளோட கார்பன் டெட்ராகுளோரைடு சேர்ந்தா சாதாரண அறை வெப்பத்துலயே அந்தக் கெட்டியான மூலக்கூறு உடைஞ்சு வெள்ளி குளோரைடும் கரியுமா ஆகுறதப் பார்த்தாங்க. பூச்சிமருந்துகள்லயும் நிறைய குளோரின் உண்டே, அதையும் விட்டுப் பார்க்கலாமேன்னு போனதுதான் திருப்பம். அது 2003, பாட்டில் தண்ணியிலயும் குளிர்பானத்துலயும் பூச்சிமருந்து இருக்குன்னு நாடே பேசிட்டிருந்த வருஷம். எண்டோசல்ஃபான் பட்டதும் தங்க நுண்துகள் கரைசல் சிவப்புலருந்து நீலமா மாறுறத கண்ணாலயே பார்க்கலாம், துகள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துக்குறதால வர்ற நிறம் அது. 2007ல இந்த வழில செஞ்ச வீட்டு ஃபில்டர் கடைக்கே வந்துடுச்சு.

ஆக ரெண்டு வேலை: ஒண்ணு பற்றிக்கிறது, இன்னொண்ணு பற்றிக்கிட்டு உடைக்கிறது. ரெண்டுக்கும் ஒரே சொல்லப் போட்டு மெழுகிடாதீங்க. பின்னதுக்கு "பற்றிச் சிதைத்தல்"னு நீளமாவே இருக்கட்டும், பரவால்ல.

-----

மடல் 3

வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலை படிச்சனான். எங்கட பாடப்புத்தகத்திலை இதுக்கு எப்பவோ சொல்லு இருக்கு: அட்சார்ப்ஷன் எண்டால் புறத்துறிஞ்சல், அப்சார்ப்ஷன் எண்டால் அகத்துறிஞ்சல். சோடியா நிக்குது, குழப்பமே வராது. மெக்பெய்ன் வைச்ச பொதுச்சொல்லுக்கு வெறும் உறிஞ்சல் எண்டு விடலாம், மூண்டும் ஒரு குடும்பமா வந்திடும். ஐயா பாத்திரம் தேய்க்கிற கதை சொன்னது வடிவாத்தான் இருக்கு, ஆனால் ஏற்கெனவே பிள்ளையள் படிக்கிற சொல்லை விட்டிட்டு ஒவ்வொருதரமும் புதுசா ஒண்டு ஆக்கிறதாலைதான் இஞ்சயும் அங்கயும் ரெண்டு தமிழ் ஆகிப்போச்சு.

-----

மடல் 4

நான் பேங்க்ல இருந்தவன். பற்றுன்னா எங்களுக்கு டெபிட். "பற்று அதிகமான தண்ணீர் சுத்திகரிப்பான்"னா கடன்ல வாங்கினதுன்னு நினைப்பேன் :)

-----

மடல் 5

டெபிட்டுக்குச் சின்னப் பதில்: வரவு பக்கத்துல இல்லாத பற்ற யாரும் டெபிட்னு படிக்க மாட்டாங்க சார். பல்லுக்கும் ஈறு, இலக்கணத்துலயும் ஈறு, யாராவது குழம்புனாங்களா?

யாழ்ப்பாணத் தம்பி சொன்னதுதான் பலமான வாதம், நான் ராத்திரி பூரா யோசிச்சேன். புறத்துறிஞ்சல் ஒழுங்கான சொல், பரீட்சைல எழுத அதுதான் நல்லது, ஒத்துக்கிறேன். ஆனா அதோட வினை வடிவம் என்ன? "மணி ஆர்சனிக்கைப் புறத்துறிஞ்சியது", இத வாசகர் பாதி கேட்டவுடனே உறிஞ்சியதுதான் காதுல நிக்கும், பழையபடி ஸ்பாஞ்சு. பெயர்ச்சொல்லா இருக்குறவரைக்கும் ஜோரா இருந்துட்டு வினையாகும்போது கால் வாருது. கலைச்சொல் ஆக்குறவங்க பெயர மட்டும் ஆக்கிட்டுப் போயிடுறாங்க, எழுதுறவன் வினைக்குத் திண்டாடுறான், இது என் பழைய புலம்பல், விடுங்க.

இப்ப என் சொல்லுலயே ஒரு ஓட்டை இருக்கு, நானே சொல்லிடுறேன். பற்றிக்கிற பொருளுக்கு (கரி, அலுமினா, இரும்பு ஆக்ஸைடு இதுக்கெல்லாம்) பேர் வைக்கணுமே. கடத்தி, காட்டி மாதிரி "பற்றி"ன்னு வச்சா "பற்றியைப் பற்றி"ன்னு எழுத வேண்டி வரும், சிரிப்பாங்க. "பற்றுபொருள்"னா அது வினைத்தொகை, பற்றுற பொருளா பற்றப்படுற பொருளா தெரியாது, சுடுசோறு மாதிரி, சோறு நம்மளச் சுடுதா நாம சோத்தச் சுட்டோமா? அதனால முன்னால புறம் சேர்த்து "புறப்பற்றி"ன்னு வைக்கலாம்னு படுது. மாட்டிக்கிட்டது "பற்றுண்டது". திரும்பி வெளிய விடுறது பற்றுவிடல். ஒரு கிராம் எவ்வளவு பிடிக்கும்ங்கிறது பற்றளவு.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன், தேத்தாங்கொட்டையத் தயவுசெஞ்சு இதுல இழுக்காதீங்க. கட்டுரைல யாராவது "நம் முன்னோர் அன்றே செய்தது"ன்னு கண்டிப்பா எழுதச் சொல்லுவாங்க. தேத்தாங்கொட்டை உரசுனா கலங்கல் தண்ணி தெளியுறது நிஜம்தான், ஆனா அது மிதக்குற மண்ண ஒண்ணு சேர்த்து அடில உக்கார வைக்கிறது, அதுக்குத் திரட்டல்னு வேற பேர். கண்ணாடி மாதிரி தெளிஞ்ச தண்ணிலயும் ஆர்சனிக் இருக்கும். வங்காளத்துலயும் பீகார்லயும் குழாய்க்கிணத்துத் தண்ணி பார்க்கப் பளிங்கு மாதிரி இருந்துதான் ஏமாத்துச்சு.

-----

மடல் 6

> புறப்பற்றி, பற்றுண்டது, பற்றுவிடல், பற்றளவு

ஐயா, ராத்திரி இதெல்லாத்தையும் வச்சு அம்ரித் (பிரதீப் குழுவோட ஆர்சனிக் நீக்குற முறை) பத்தின பகுதிய எழுதிப் பார்த்தேன். சொல் ஓடுதா பாருங்க:

"ஒரு லிட்டர் நீரில் 10 மைக்ரோகிராம். ஆர்சனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் காட்டும் வழிகாட்டு அளவு இவ்வளவுதான். அந்த அளவுக்குக் கீழே கொண்டுவர பிரதீப் குழு நம்பியது துருவின் நெருங்கிய உறவான ஃபெர்ரிஹைட்ரைட்டை. இதன் துகள்கள் சில நானோமீட்டர் அளவுதான். சின்னத் துகள் என்றால் எடைக்குப் பரப்பு அதிகம், பரப்பு அதிகம் என்றால் ஆர்சனிக் பற்ற இடம் அதிகம். ஆனால் இது நிலையில்லாத வடிவம். விட்டால் மெல்ல மெல்ல கெட்டியான வேறு இரும்பு ஆக்ஸைடாக மாறி, பரப்பைத் தொலைத்துவிடும். அதை மாறவிடாமல் பிடித்து வைப்பதுதான் அவர்கள் செய்த கெட்டிக்காரத்தனம். இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற உயிரிப்பலபடியின் (பயோபாலிமர்) வலைக்குள் துகள்களைச் சிறைவைத்து மணலைப் போன்ற மணிகளாக்கினார்கள். இதற்கு உலை வேண்டாம், நீரிலேயே அறை வெப்பத்தில் நடக்கிறது. இந்தப் புறப்பற்றியின் வழியே நீர் இறங்கும்போது ஆர்சனிக்கின் இரண்டு வடிவங்களும் பற்றுண்டு நின்றுவிடுகின்றன."

கிருமியக் கொல்லுற வெள்ளி விஷயத்தையும் சேர்க்கலாம்னு பார்த்தேன். 2013ல அமெரிக்க அறிவியல் அகாதெமி இதழ்ல வந்த கட்டுரைல கைட்டோசானோட அலுமினியம் சேர்ந்த மணிக்குள்ள வெள்ளி நுண்துகள வச்சு, அதுலருந்து வெள்ளி அயனி கொஞ்சம் கொஞ்சமா, பாதுகாப்பான வரம்புக்குள்ளயே கசியுற மாதிரி செஞ்சிருக்காங்க, ஒரு குடும்பத்துக்கு வருஷச் செலவு 2.5 டாலர்னு அதுலயே கணக்கும் போட்டிருக்காங்க. ஆனா அங்க நடக்குறது பற்றுக்கு நேர் எதிர், வெளிய விடுறது. அதையும் பற்றுவிடல்னு சொல்லிடலாமான்னு ஒரு நிமிஷம் தடுமாறினேன், ஆனா மேல ஒட்டினது கழண்டு வரல, வெள்ளியே கரைஞ்சு வருது. அதனால சாதாரணமா "கசிவு"ன்னே விட்டுட்டேன்.

யாழ்ப்பாணத்து அண்ணாவுக்கு: முதல் தடவை வர்ற இடத்துல "புறத்துறிஞ்சல் எனப் பாடநூல்கள் சொல்லும் பற்று"ன்னு ரெண்டையும் போட்டிருக்கேன், வினையா வர்ற இடத்துல எல்லாம் பற்று மட்டும். ஒத்துக்குவீங்களா?

-----

மடல் 7

ஓம் தங்கச்சி, அது காணும். வினைக்குப் பற்று நல்லாத்தான் ஓடுது, வாசிச்சுப் பாத்தன். ஆனால் தலைப்பிலை புறத்துறிஞ்சல் எண்டு போட்டால் சந்தோசம், தேடுற பிள்ளையளுக்கு ஆப்பிடும்.

-----

மடல் 8

அப்ப ஒண்ணு முடிஞ்சுது. இன்னொண்ணு ஆரம்பிக்கிறேன், திட்டாதீங்க.

கட்டுரையோட ரெண்டாம் பாதி அவரோட உலோகக் கொத்து ஆராய்ச்சி. இத்தனை அணுதான்னு எண்ணிச் சொல்லக்கூடிய துகள்கள். தங்கம் 25னு ஒண்ணு: நடுவுல 13 அணு, சுத்தி ஆறு கொக்கி, கொக்கிக்கு ரெண்டு தங்கமா 12, வெளிய கந்தகத்தோட முடியுற 18 கரிம வால். இதையும் வெள்ளி 25ஐயும் ஒரே கரைசல்ல கலந்தா மூலக்கூறுகள் மாதிரியே வினை புரிஞ்சு அணுவ மாத்திக்குதுன்னும், அப்பவும் மொத்தம் 25ங்கிற கணக்கும் கட்டமைப்பும் குலையுறதில்லன்னும் 2016ல காட்டினாங்க. அதனால இத துகள்னு சொல்றத விட மூலக்கூறுன்னு சொல்றதே சரின்னு வாதாடி, அவரும் அவர் குழுவும் 'ஆஸ்பிக்யூல்'னு ஒரு சொல்லே ஆக்கியிருக்காங்க. கிரேக்கத்துல ஆஸ்பிஸ்னா கேடயம், அதோட மாலிக்யூல்.

கிரேக்கத்த அப்படியே எடுத்தா "கேடய மூலக்கூறு". ஆனா கேடயம் கையில ஒரு பக்கமாப் பிடிக்கிறது, இங்க 18 வாலும் சுத்திச் சுத்தி உடம்பு பூரா மூடியிருக்கு, அதுக்குக் கவசம்தானே சரி? "கவச மூலக்கூறு"ன்னு வச்சா அவர் சொன்ன கிரேக்கத்துக்குத் துரோகமான்னு யோசனையா இருக்கு. ஐயா, அணுவ மாத்திக்கிற அந்த வினைக்கும் சேர்த்து ஏதாவது தோணுனா சொல்லுங்க, வெள்ளிக்கிழமை கட்டுரைய அனுப்பியாகணும்.

-----

மடல் 9

கவசம். கிரேக்கர் கோவிச்சுக்க மாட்டாங்க. அணு மாத்திக்கிறதுக்கு "இடமாற்று"ன்னு போட்டு ஓட்டும்மா, நாளைக்குப் பேசுவோம், இங்க கரண்ட் போயி போயி வருது.