அயடின் சேர்க்காத உப்பு எங்க எடுக்கலாம்? மட்டக்களப்பு, அம்பாறை ஆக்கள் சொல்லுங்க

தைரொயிட் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிஞ்சு, கதிரியக்க அயடின் (மிஞ்சின தைரொயிட் கலங்களை அழிக்கிற மருந்து) எடுக்க மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போக இருக்கிற ஆக்களுக்காகக் கேட்கிறம்.

அதுக்கு முதல் வழக்கமா 1-2 கிழமை அயடின் குறைஞ்ச சாப்பாடு. உடம்பில ஏற்கெனவே அயடின் நிறைஞ்சிருந்தா, மிஞ்சின தைரொயிட் கலங்கள் மருந்தைச் சரியா உறிஞ்சாது. கடை உப்போ அயடின் போட்டது. கட்டி உப்பென்றாலே அயடின் இல்லையென்றும் நம்ப ஏலாது. உப்பளத்தில நேரா எடுத்துத் தரக்கூடியவங்க இருக்கிறாங்களா? ஒராளுக்கு கால் கிலோ தாராளம்.

நம்மட பக்கம் கஷ்டம் உப்போட முடியாது: நண்டு, இறால், கருவாடு, எருமைத் தயிர், முட்டை மஞ்சள்கரு எல்லாம் விலக்கு. பேக்கரிப் பாண், மிக்சரிலயும் அந்த உப்புத்தான். கன பேர் தவறவிடுறது இதைத்தான். சோறு, மரக்கறி, தேங்காய்ப்பால், மிளகு பயமில்லை. தைரொக்சின் ஹோர்மோன் குளிசையை நிப்பாட்டுறது கிளினிக்கில சொன்னா மட்டும்.

இன்னொன்று: மருந்தெடுத்த ஆளின்ட உடம்பில இருந்து கதிர்வீச்சு வாறதால, திரும்பி வந்து கொஞ்ச நாள் கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகளோட நெருங்கக் கூடாது. எத்தனை நாளென்று ஆஸ்பத்திரி வோட்டில சொல்லுவாங்க. தனிக் கழிப்பறையோட அறை தரக்கூடியவங்க, வாழைச்சேனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை எங்கயென்றாலும், உள்பெட்டியில எழுதுங்க.